கணவன் பி.ஆர்., மனைவி விசிட்டர்

திருமணத் தகவல் மையங்களில் ‘கனடா பி.ஆர். மாப்பிள்ளை’, அதாவது அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், என்றால் தனி மவுசு. சம்பளம், நட்சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கோயம்புத்தூரானாலும் யாழ்ப்பாணமானாலும் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டுக் கடன்வரை விசாரித்துவிடுகிறார்கள். தாலி ஏறிய நாளிலிருந்து தன் பெயரில் பி.ஆர். வரும்வரை பெண்ணின் நிலை என்ன என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒர்க் பர்மிட்டில் நல்ல வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டால், மனைவிக்கு ஊரிலிருந்தபடியே ஓபன் ஒர்க் பர்மிட் கேட்கலாம். 2025 ஜனவரியில் அந்த வாசலைக் குறுக்கினார்கள், ஆனாலும் உயர்நிலை வேலைகளில் இருப்பவர்களுக்கு அது மூடப்படவில்லை. அதே ஆள் பி.ஆர். வாங்கிவிட்டுக் கல்யாணம் செய்தால் இந்த வழியே கிடையாது. மனைவியை ஸ்பான்சர் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கணவனின் அந்தஸ்து ஒரு படி ஏறினால் மனைவி இரண்டு படி இறங்குகிறாள்!

இதற்குப் பயந்து, பி.ஆர். வாங்கிக்கொண்டு இறங்குவதற்கு முன்பே சத்தமில்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, விண்ணப்பத்தில் ‘திருமணமாகாதவர்’ என்பதை மாற்றாமலே விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது. அன்று மறைத்த மனைவியைப் பிறகு குடும்ப வகுப்பில் அழைக்க முடியாது. 2019-ல் வந்த தளர்வும் அகதிகள் போன்ற சிலருக்குத்தான். மற்றவர்கள் மனிதாபிமான அடிப்படையில் கருணை காட்டச் சொல்லி மனுப் போட வேண்டும்.

நேர்வழியில் போகிறவர்களுக்கு அங்கிருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “ஸ்பான்சர் ஃபைல் அது பாட்டுக்கு ஓடட்டும். நீ விசிட்டர்ல வந்துடும்மா.”

சொல்வது சுலபம். ஸ்பான்சர் விண்ணப்பத்தில் அவள், கணவரோடு கனடாவிலேயே வாழப்போகிறேன் என்கிறாள். விசிட்டர் விண்ணப்பத்தில், தந்த காலம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்கிறாள். இரண்டும் ஒரே பெயரில், ஒரே துறைக்குப் போகின்றன. சட்டம் இதைத் தவறென்று சொல்லவில்லை. குடியேறும் எண்ணம் இருப்பது தற்காலிக விசாவுக்குத் தடையில்லை என்று குடிவரவுச் சட்டத்தின் 22-ம் பிரிவே சொல்கிறது. ஆனால், கெடு முடிந்தால் கிளம்பிவிடுவாள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். எதைக் காட்டி நம்ப வைப்பது? லீவு லெட்டர் காட்ட வேலை இல்லை, ‘கனடா போகப்போறியே, இனி எதுக்கு?’ என்று கல்யாணத்தோடு விடச் சொல்லிவிட்டார்கள். சொத்து அப்பா பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. அவளுடைய ஒரே பிடிமானம் டொரொன்டோவில் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் காரணமாக வருவதும் அதுதான். விசாவுக்கு 100 டாலர், கைரேகைக்கு 85 டாலர் கட்டியது கட்டியதுதான்.

2023 மே மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம். ஸ்பான்சர் ஃபைல் போட்ட துணைவர்களின் விசிட்டர் விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றை 30 நாளில் முடிப்போம் என்று அறிவித்தார்கள். விசா கிடைத்தால், வழக்கமாக ஆறு மாதம் தங்கலாம். மகனைப் பார்க்கச் சூப்பர் விசாவில் வரும் மாமியாருக்கு ஒரே மூச்சில் ஐந்து ஆண்டுவரை தங்க அனுமதி, கட்டிய மனைவிக்கு ஆறு மாதம்! இந்தக் கணக்கைப் போட்டவர் எந்த வீட்டில் வளர்ந்தாரோ.

வந்து இறங்கியதும் அடுத்த படி ஒர்க் பர்மிட். 2014 கடைசியில் இது தொடங்கியபோது, கனடாவுக்குள்ளிருந்து விண்ணப்பிக்கும் வகுப்புக்கு மட்டும்தான் இருந்தது. அந்த வகுப்பில் ஸ்பான்சர் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பதாகப் போடும் வெளிநாட்டு வகுப்பில் போகலாம். ஆக, வேலை வேண்டுமா, மேல்முறையீட்டு உரிமை வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 2023-ல் அந்த இக்கட்டு தீர்ந்தது. இப்போது வெளிநாட்டு வகுப்பில் போட்டவரும், கனடாவில் விசிட்டராகக் கணவரோடு வசித்தால், ஃபைல் வந்து சேர்ந்ததற்கான ஒப்புகைக் கடிதத்தை வைத்து ஓபன் ஒர்க் பர்மிட் கேட்கலாம். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குத் தருகிறார்கள். அதைக் காட்டினால் 9-ல் தொடங்கும் சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) கிடைக்கும். அப்புறம் டிம் ஹார்ட்டன்ஸோ வங்கியோ, எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம்.

என் கவலையெல்லாம் அந்தத் தாள் கைக்கு வரும்வரை கழியும் மாதங்களைப் பற்றித்தான். ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ ஒரு பேஸ்மென்ட் வீடு. விசிட்டர் வேலை பார்க்கக் கூடாது. ஒன்டாரியோவின் ஒஹிப் மருத்துவக் காப்பீடு விசிட்டருக்கு இல்லை என்பதால் கர்ப்பமானால் ஸ்கேனுக்கும் பிரசவத்துக்கும் கைக்காசுதான். பஸ் கார்டில் பணம் போடவும் கணவரிடம் கேட்க வேண்டும். ஊரில் மாதச் சம்பளம் எடுத்து, தம்பிக்கு ஃபீஸ் கட்டிய பெண் இவள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. பி.ஆர். முடிவாவதற்கு முன்னால் எந்த நாளிலும் ஸ்பான்சர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறக் கணவருக்கு உரிமை உண்டு. முடிவான பிறகு முடியாது; பிரிந்தாலும் அவளைப் பராமரிக்கும் மூன்று ஆண்டுப் பொறுப்பு அவரைவிட்டுப் போகாது. ஆகவே இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் “ஒரு மெயில் போட்டா நீ ஊருக்குப் போகணும், தெரியும்ல?” என்ற வார்த்தை சில வீடுகளில் வருகிறது. எல்லா வீட்டிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வந்தால் அதற்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை. 2012 அக்டோபரிலிருந்து 2017 ஏப்ரல்வரை நிலைமை இன்னும் கொடுமை: புதுமணத் தம்பதி என்றால், பி.ஆர். வந்த பிறகும் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அடிவாங்கும் பெண்ணுக்கு விலக்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள், ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே வைத்தார்கள். போலிக் கல்யாணங்களைத் தடுக்கத்தான் அந்த நிபந்தனை என்றார்கள். போலிக் கல்யாணங்கள் இருப்பதும் உண்மைதான்.

நிபந்தனை போய்விட்டது, ஆனால் பிடி முழுசாகத் தளரவில்லை. ஃபைல் முழுக்க இப்போது ஆன்லைன். அதில் எந்த மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறார்கள், கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் கணவர் கையில், இல்லாவிட்டால் கன்சல்டன்ட் கையில். தன் மெடிக்கலுக்கு எப்போது கடிதம் வந்தது, ஒர்க் பர்மிட் கேட்டார்களா இல்லையா என்று பல பெண்களுக்குத் தெரியாது. “இன்னும் வரலை” என்று அவர் சொன்னால் வரவில்லை.

2019 ஜூலையிலிருந்து, குடும்ப வன்முறைக்கு ஆளாகி, கணவரை நம்பியே தங்கும் உரிமை உள்ளவர்களுக்குக் கட்டணமில்லாத தற்காலிக அனுமதி ஒன்று உண்டு. குறைந்தது ஆறு மாதம். கூடவே ஒர்க் பர்மிட்டும் கேட்கலாம். இதைப் பெண்ணைக் கொடுக்கும் வீட்டில் யாரும் சொல்லி அனுப்புவதில்லை, கல்யாணப் பேச்சில் அபசகுனமாம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கனடாவுக்குள் இருக்கும் யாரும் தகவல் உரிமைச் சட்டப்படி 5 டாலர் கட்டித் தன் ஃபைலில் அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். கணவரின் கையெழுத்து தேவையில்லை. ஸ்பான்சர் விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, ஒர்க் பர்மிட் விண்ணப்பம் உண்மையிலேயே போயிருக்கிறதா என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கும்.