வேகத்தைக் குறிப்பவர் யார்?

காற்றாலைகளில் முன்னரே வழங்கிய சுழற்குண்டு அமைப்பினை, 1788இல் ஜேம்ஸ் வாற் நீராவி எந்திரத்திற்கு ஏற்ற வேகச்சீராக்கியாக்கினார். எந்திரம் விரைந்தால், அதனோடு சுழலும் இரு குண்டுகளும் விலகி உயர்ந்து நீராவி வழியை ஒடுக்கும். வேகம் தணிந்தால், அவை தாழ்ந்து வழியை அகற்றும். விளைவே காரணத்தைத் திருத்தும் இவ்வியல்பினைப் பின்னூட்டல் என்கிறோம். இத்தகைய சீராக்கிகளின் உறுதிநிலையை 1868இல் மக்ஸ்வெல் கணித முறையில் ஆராய்ந்தார்.

ஆயின், சீராக்கி குறித்த வேகத்தைக் காக்குமேயன்றி, அவ்வேகத்தைத் தானே குறிப்பதில்லை. நூற்பாலையில் அதனை முதலாளி குறித்தான். சிறுவர் உள்ளிட்ட தொழிலாளர் அதற்கு ஈடுகொடுத்தனர். கணினிவழித் தன்னியக்கத்திற்கும் இது பொருந்தும். ஆகவே, பொறியின் நுட்பத்தைக் கற்கும் நாம், அதன் இலக்கைக் குறிக்கும் உரிமை எவர் கையிலுள்ளது என்பதையும் உடன் ஆராய்தல் வேண்டும்.