பூஜ்யம் இல்லாமல் ஒரு கணக்கு

வருஷத்துக்கு எத்தனை நாள்? 365. எழுத மூன்று இலக்கம் போதும். ஆனால் சோழர் காலத்துக் கணக்கர் இதையே ஐந்து குறிகளில் எழுதியிருப்பார். ஏன் தெரியுமா?

பழைய தமிழ் எண்களில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. அதனால் மூன்று, பக்கத்தில் நூறு. ஆறு, பக்கத்தில் பத்து. கடைசியில் ஐந்து என்று எழுதுவார்கள். நாம் வாயால் சொல்லுகிற அதே வரிசை! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முந்நூறு கூட்டல் அறுபது கூட்டல் ஐந்து என்று விரித்து எழுதுகிறார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பூஜ்யத்தின் கதை. இன்றைக்கு 305 என்று எழுத, பத்தின் இடம் காலி என்று காட்ட நடுவில் ஒரு பூஜ்யம் போட்டே ஆகவேண்டும். அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மூன்று, நூறு, ஐந்து, முடிந்தது! மூவாயிரம் இன்னும் சுலபம்: மூன்றும் ஆயிரமும், இரண்டே குறி.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடுகளோ, தாத்தா காலத்துப் புத்தகங்களோ இருந்தால் எடுத்துப் பாருங்கள். பக்க எண்களிலேயே இந்தக் குறிகள் கண்ணில் படலாம்.