பூனைக்கு ஒரு மாளிகை

ஆம்ஸ்டர்டாமின் ஹேரன்கிராக்ட் கால்வாய்க் கரையில், 17ஆம் நூற்றாண்டுப் பணக்கார வணிகர்கள் கட்டிய வரிசை வீடுகளில் 497ஆம் எண் வீடு ஓர் அருங்காட்சியகம். ஓவியம், வெண்கலச் சிலை, சுவரொட்டி என்று உள்ளே எங்கு திரும்பினாலும் பூனை.

எல்லாம் ஒரு செல்லப் பூனைக்காக. வீட்டுக்காரர் பாப் மையர் வளர்த்த செம்பூனையின் பெயர் ஜான் பியர்பான்ட் மார்கன். அமெரிக்க வங்கி முதலாளியின் பெயரேதான்! 1983இல் அது செத்துப்போனது. அதன் நினைவாக 1990இல் 'கட்டன்கபினெட்' என்ற இந்த அருங்காட்சியகம் பிறந்தது. பூனையின் பிறந்தநாளுக்கு நண்பர்கள் தந்த டாலர் நோட்டு இங்கே தவறவிடக் கூடாதது. வாஷிங்டன் இருக்க வேண்டிய இடத்தில் பூனை மார்கன். 'கடவுளை நம்புகிறோம்' என்பதற்குப் பதிலாக, 'எந்த நாயையும் நம்புவதில்லை'.

பிக்காசோ, ஸ்டெய்ன்லென் போன்ற பெரிய பெயர்களும் இங்கே உண்டு. ஆனால் பார்க்க வருபவர்களை மயக்குவது, நாற்காலிகளில் சுருண்டு தூங்கும் நிஜப் பூனைகள்தான்.

பூனைக் கலையில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. உத்திரமேரூர்க்காரர்கள் ஆம்ஸ்டர்டாம் வரை போக வேண்டாம். கிழக்கே மாமல்லபுரம் போனால் போதும். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பமான 'அர்ச்சுனன் தபசு' பாறையில், பெரிய யானைக்கு முன்னால் ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. மேலே அதே கோலத்தில் நிற்கும் முனிவரை அப்படியே காப்பியடிக்கும் போலிச் சாமியார்! சுற்றிலும் எலிகள், பக்தியோடு. யானையைப் பார்க்கும் அவசரத்தில் சிற்பியின் குறும்பு பலர் கண்ணில் படுவதில்லை.