கூடிக் கணக்குச் செய்தல்

கணக்கென்பது தனித்திருந்து செய்யவேண்டிய தொழில் என்றே நம்மிற் பலரும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். பரீட்சை மண்டபத்தில் அயலான் தாளை நோக்குதல் குற்றமாதலின், அவ்வெண்ணம் இளமையிலேயே வேரூன்றிவிடுகின்றது. கூடிச் செய்கிறோம் என்று சொல்லுமிடத்தும், பெரும்பாலும் ஒருவன் செய்ய மூவர் பார்த்தெழுதுவதே வழக்கம். அஃதன்றி, உண்மையாகவே நால்வர் கூடி ஒரு கணக்கை எவ்வாறு செய்து முடிக்கலாம் என்பதை, சென்ற விடுமுறையில் சேத்தியாத்தோப்பில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கண்டேன். அதனை இங்கே விளக்கிச் சொல்லக் கருதுகின்றேன்.

மாலையில் வெள்ளாற்று அணைக்கட்டுப் பக்கம் உலாவிவிட்டு வரும் பிள்ளைகள் நால்வர், கரும்பு ஏற்றிய வண்டிகள் ஆலைக்குப் போகும் சாலையோரமுள்ள அத்திண்ணையில் சிறிது நேரம் அமர்வது வழக்கம். மூத்தவன் கல்லூரியில் பௌதிகம் படிப்பவன்; விடையை முதலிற் சொல்லிவிடும் வேகமுடையவன். அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரில் இளையவன் பத்தாம் வகுப்பிற் படிக்கின்றான். அவன் வாய் திறந்து நான் கேட்டதே அரிது. "எனக்குக் கணக்கு வராது, ஐயா" என்று ஒருமுறை சொல்லியிருக்கின்றான். வராமையன்று அதன் காரணம். அவன் யோசிக்கத் தொடங்குமுன் அண்ணன் விடையைச் சொல்லி முடித்துவிடுவதே காரணம்.

ஒருநாள் மூத்தவன் ஒரு புதுமை கண்டவனைப்போல் வந்தான். "ஐயா, அடுத்தடுத்த எண்களை எத்தனை வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் ஓர் எண்ணாவது மற்ற எதனோடும் பொதுக் காரணி இல்லாமல் நிற்கின்றது. ஐம்பது இடங்களிற் பார்த்துவிட்டேன், ஓரிடத்தும் தவறவில்லை" என்றான். ஒன்று என்னும் காரணியை இங்கே கணக்கிற் கொள்வதில்லை. உதாரணமாக 24, 25, 26, 27, 28 என்னும் ஐந்தில் 25 அவ்வாறு தனித்து நிற்கின்றது.

இக்கூற்றின் கதி எனக்குத் தெரியும். ஆயினும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: கால்மணி நேரம் எவரும் பேசலாகாது, ஒவ்வொருவரும் தத்தம் தாளிலேயே முயலவேண்டும், அதன்பின் இளையவனே முதலிற் பேசவேண்டும்.

அவன் சொன்னது இது: "இரண்டு எண்களுக்கும் பொதுவான காரணி, அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும்." அவ்வளவே. அட்சர கணிதம் என்று முன்னோர் வழங்கிய இயற்கணிதத்தில் இதற்கு ஒரு வரி போதும். ப என்னும் எண் அ-வையும் வகுத்து அ+3-ஐயும் வகுக்குமாயின், 3-ஐயும் வகுத்தே தீரும். ஆகவே நான்கு அடுத்தடுத்த எண்களில் அஞ்சத்தக்க பகா எண்கள் 2, 3 இரண்டே. நான்கில் இரண்டு ஒற்றைப்படை. அவற்றுள் ஒன்று ஓரத்திலும் மற்றொன்று உள்ளேயும் இருக்கும். மூன்று என்னும் காரணி ஓரத்து எண்கள் இரண்டிற்கு மாத்திரமே பொதுவாகக்கூடும். உள்ளே நிற்கும் ஒற்றைப்படை எண் தப்பிவிடுகின்றது.

மூத்தவன் பார்த்த ஐம்பது இடங்களையும் விட இந்த நான்கு வாக்கியங்கள் வலியன. நான்கு எண்களைப் பற்றியவரையில், உலகத்திலுள்ள எல்லா இடங்களையும் ஒருங்கே பார்த்துவிட்டன.

இனி, எத்தனை எண்கள் எடுத்தாலும் இப்படியே நிற்குமா என்று தங்கை கேட்டாள். நிற்காது என்று காட்ட என்ன வேண்டும்? ஒரே ஓர் இடம் கண்டால் போதும். பதினேழு எண்களை எடுத்துக்கொள்ளுமாறு மட்டும் சொன்னேன்.

முதல் எண் அ. அது இரட்டைப்படை என்று கொள்வோம். இரட்டைப்படை எண்கள் ஒன்பதும் 2-ஆல் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அவற்றைப் பற்றிக் கவலையில்லை. எஞ்சிய ஒற்றைப்படை எண்கள் எட்டு: அ+1, அ+3 என்று தொடங்கி அ+15 வரை. எட்டையும் அகப்படுத்த நமக்குள்ள பகா எண்கள் 3, 5, 7, 11, 13 ஆகிய ஐந்தே. பிள்ளைகள் அவற்றைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். 13-ஐ ஏற்றவன் அதனை அ-விலும் அ+13-லும் அமர்த்தினான். 11-ஐ ஏற்றவள் வரிசையின் கடைக்கோடியைப் பிடித்து, அ+5, அ+16 என்றாள். 7 அ-விலேயே தொடங்கி அ+7-ஐ அகப்படுத்தியது. மூன்றும் அ-விலேயே தொடங்கி அ+3, அ+9, அ+15 என்னும் மூன்று இடங்களைப் பிடித்தது. எஞ்சியவை அ+1, அ+11. அவற்றின் வித்தியாசம் பத்து. ஆதலால் 5 அங்கே செவ்வனே பொருந்திற்று. இருக்கை தேடும் விருந்தினர் கூட்டம்போல் எட்டு இடங்களும் நிரம்பின.

அத்தகைய அ உண்டா? 2, 3, 7, 13 ஆகிய நான்காலும் வகுபடவேண்டுமாதலின் அது 546-இன் மடங்கு. அ+1 ஐந்தால் வகுபடவேண்டும்; அ இரட்டைப்படையாதலின் அதன் கடைசி இலக்கம் 4 ஆகவேண்டும். 546, 1,092, 1,638, 2,184: நான்காவதே அவ்வாறு முடிகின்றது. இனி அ+5, அதாவது 2,189, பதினொன்றால் வகுபடவேண்டும். ஒன்றுவிட்ட இலக்கங்களைக் கூட்டினால் 9+1=10, 8+2=10; வகுபடுகின்றது! இது நமது அதிர்ஷ்டம். பொருந்தாதிருந்தால் 2,730 வீதம் கூட்டிக்கொண்டே சென்று தேடவேண்டியிருந்திருக்கும். இவ்வாறு மீதிகளைக் கொண்டு எண்ணைக் காணும் கலையை நம் முன்னோர் குட்டகம் என்றனர்.

எட்டு எண்களையும் ஆளுக்கிரண்டாகப் பகுத்துச் சரிபார்த்தார்கள். 2185 = 5×19×23; 2187 = மூன்றின் ஏழாம் அடுக்கு; 2189 = 11×199; 2191 = 7×313; 2193 = 3×17×43; 2195 = 5×439; 2197 = பதின்மூன்றின் கனம்; 2199 = 3×733. ஆகவே 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழில் தனித்து நிற்பது ஒன்றுமில்லை. மூத்தவன் முகம் சிறிது வாடிற்று. பின்பு அவனே, "ஐம்பதில் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லையே" என்று சொல்லிச் சிரித்துவிட்டான்.

அப்பொழுதுதான் அவர்களுக்கு இக்கணக்கின் ஊரைச் சொன்னேன். இது எங்கோ கடல் கடந்து பிறந்ததன்று. சேத்தியாத்தோப்பிலிருந்து புவனகிரி வழியாகப் பேருந்தேறினால் சென்றடையும் சிதம்பரத்தில், அண்ணாமலைச் சர்வகலாசாலையில் 1929 முதல் 1941 வரை ஆசிரியராயிருந்த சு. சி. பிள்ளை ஆராய்ந்தது. குற்றாலத்தருகே வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் அவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர் என்பதனால், நம்போன்ற மிஷன் கல்லூரி மாணவர்க்கு ஒருவகையில் மூத்த தமையனும் ஆவார். பதினாறு வரையில் அப்படித் தனித்து நிற்கும் எண் எப்பொழுதும் உண்டு என்றும், பதினேழு முதல் 430 வரை அது தவறும் இடம் உண்டு என்றும் 1940-இல் அவர் நிறுவினார். அதற்கு மேலும் எங்கும் தவறவே செய்யும் என்பதை அடுத்த ஆண்டு அல்பிரட் பிரௌவர் என்பவர் நிறுவி முடித்தார். பதினாறு வரையுள்ள பகுதிக்குப் பல நிலைமைகளைத் தனித்தனியே ஆராயவேண்டியிருத்தலால், அதனை இங்கே விரித்திலேன்.

பிள்ளையவர்களின் பெரும்புகழ் வேறொரு கணக்கினால் வந்தது. எந்த எண்ணையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுத எத்தனை வேண்டும்? 703 என்னும் எண்ணைப் பாருங்கள். மூன்றின் ஆறாம் அடுக்கு 729, அது மிகுந்துவிடுகின்றது. ஆகவே 64-களும் ஒன்றுகளுமே உதவும். பத்து 64-கள் 640, எஞ்சிய 63-க்கு 63 ஒன்றுகள், ஆக 73. எந்த எண்ணிற்கும் 73-க்கு மேல் வேண்டியதில்லை என்பதே அரிய பகுதி. அதனையும் அவர் 1940-இல் நிறுவினார். உயர்ந்த அடுக்குகளைப் பற்றிய இவ்வாராய்ச்சியின் பெரும்பகுதியை அமெரிக்காவில் டிக்ஸன் என்பவரும் அதே காலத்தில் தனியே கண்டறிந்தார். பிள்ளையவர்கள் தனிமையிலேயே உழைத்தவர் என்று எண்ணவேண்டா; சௌலா என்னும் கணித வல்லுநரோடு கூடிக் கட்டுரைகளும் எழுதியிருக்கின்றார். 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவிற்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கருகில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார்.

இதைக் கேட்டுச் சற்று மௌனமாயிருந்த பிள்ளைகளுள், இளையவன் மறுபடியும் தாளை எடுத்தான். "ஐயா, வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் என்ன? முதலில் 11, கடைசியில் 13" என்றான். நான் எதிர்பாராத கேள்வி இது. 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கினால் 30,030 வருகின்றது; அதிலிருந்து 2,200-ஐக் கழித்தால் 27,830. அங்கே தொடங்கும் பதினேழு எண்களும் இவ்வாறே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது அவன் கருத்து. அண்ணன் வாயைத் திறந்தான். தங்கை அவன் கையைப் பிடித்து, "கால்மணி ஆகவில்லை, அண்ணா" என்றாள். விளக்கேற்றும் நேரமாகியும் ஒருவரும் எழவில்லை. அங்கும் சரிபார்க்கவேண்டிய ஒற்றைப்படை எண்கள் எட்டே. நேயர்கள் நால்வர் கூடினால் ஆளுக்கிரண்டு வரும்.