மாமல்லைக் கரையில் பிரிட்டிஷ் கேமரா

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் குணம் அது பிறந்த விதத்திலேயே தீர்மானமாகிவிட்டது. 1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி. தன் அன்றாட ஒளிபரப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நின்று, 1946-ல் மீண்டது. அதன் செலவை வீடுதோறும் வசூலாகும் உரிமக் கட்டணம் ஏற்றது. விளம்பரதாரர் முகம் பார்க்க வேண்டியிராத அந்த நிறுவனம், மகிழ்விப்பதோடு கற்றுக்கொடுப்பதும் தன் கடமை என்று வகுத்துக்கொண்டது. 1955-ல் விளம்பர வருமானத்தோடு ஐ.டி.வி. போட்டிக்கு வந்தது. 1964-ல் பி.பி.சி. 2-ம், 1982-ல் சேனல் 4-ம் சேர்ந்தன.

இந்த வளர்ச்சியில் உலகம் முழுக்கப் பரவியது ஆவணப்படம்தான். 1957-ல் பிரிஸ்டல் நகரில் பி.பி.சி.யின் இயற்கை வரலாற்றுப் பிரிவு அமைந்தது. 1965-ல் பி.பி.சி. 2-ன் பொறுப்புக்கு வந்த டேவிட் அட்டன்பரோ, பெரிய பொருளைப் பல வாரத் தொடராகச் சொல்லும் முறைக்கு வழி திறந்தார். அவரே எழுதித் தோன்றிய ‘லைஃப் ஆன் எர்த்’ 1979-ல் 13 பகுதிகளாக வந்தது. ஓர் அறிஞர் களத்தில் நின்று, பார்ப்பவரிடம் நேரே பேசும் பாணி அப்படித்தான் வேரூன்றியது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கினாலும், தமிழ் வீடுகளுக்குப் பிரிட்டிஷ் நிகழ்ச்சிகள் தாராளமாக வந்தது 1991-க்குப் பிந்தைய செயற்கைக்கோள் சேனல்களின் காலத்தில். 1998-ல் ஐ.டி.வி. தொடங்கிய கோடீஸ்வரர் வினாடி வினா, 2012-ல் விஜய் டி.வி.யில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யாக நடுக்கூடத்துக்கே வந்தது. வணிகக் கணக்கில் இதுவே பெரிய செல்வாக்கு. ஆனால் மாமல்லபுரம் அமைந்த செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையைப் பொறுத்தவரை, பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பலமும் பலவீனமும் ஆவணப்படத்தில்தான் தெரிகின்றன.

மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதையை வில்லியம் சேம்பர்ஸ் போன்ற ஐரோப்பியர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவைத்தனர். இத்தகைய கதைகளைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனவர் எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக். பனியுக முடிவில் உயர்ந்த கடல், ஒரு பழைய நாகரிகத்தையே மூழ்கடித்தது என்பது அவருடைய வாதம். 2002 பிப்ரவரியில் சேனல் 4 ஒளிபரப்பிய அவருடைய மூன்று பகுதித் தொடருக்குப் பூம்புகார்க் கடலுக்கடியில் காணப்பட்ட ஓர் அமைப்பு முக்கியச் சான்றானது.

அதே ஆண்டு ஏப்ரலில், இங்கிலாந்தின் டார்செட்டைச் சேர்ந்த ‘அறிவியல் ஆய்வுப் பயணச் சங்க’மும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் சேர்ந்து மாமல்லபுரக் கடலில் மூழ்கி ஆராய்ந்தன. பிரிட்டிஷ் குழுவை நடத்திய மான்டி ஹால்ஸ் பின்னாளில் பி.பி.சி. தொகுப்பாளரானார். கரையிலிருந்து சுமார் 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்த் தடங்களும் செதுக்கிய கற்களும் கிடைத்தன. அங்கே கற்கள் கிடப்பது உள்ளூர் மீனவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரிந்த செய்தி. அவர்கள் சொன்ன இடங்களில்தான் தேடலே நடந்தது.

ஹான்காக் இதையும் பனியுகக் கணக்கில் சேர்த்தார். கடலியல் நிறுவன ஆய்வாளர்களோ, இவை பல்லவர் காலத்தவையாக, சுமார் 1,200 முதல் 1,500 ஆண்டுப் பழமை உடையவையாக இருக்கலாம் என்று எழுதினர். கரையிலேயே நிற்கும் பல்லவர் கட்டுமானங்களைப் பார்த்தால், இரண்டாவது கூற்றே பொருத்தமானது. 2004 சுனாமிக்குப் பிறகு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து, தொல்லியல் துறை தோண்டியெடுத்த முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம், இந்தக் கரையின் உண்மை வரலாறே எவ்வளவு செழுமையானது என்று காட்டியது. அதற்குப் பனியுகம் தேவைப்படவில்லை.

பிரிட்டிஷ் தொலைக்காட்சி தன்னைத்தானே கேள்வி கேட்டதையும் சொல்ல வேண்டும். பி.பி.சி.யின் ‘ஹொரைஸன்’ அறிவியல் தொடர் 1999-லேயே ஹான்காக்கின் கருத்துகளைக் கடுமையாகச் சோதித்தது. அவர் தரப்பு முறையிட்டது. ஒளிபரப்புத் தர ஆணையம் பல புகார்களைத் தள்ளி, ஒன்றை மட்டும் ஏற்றது. பி.பி.சி. அந்தப் பகுதியைத் திருத்தி, அடுத்த ஆண்டு மீண்டும் ஒளிபரப்பியது. தவறு செய்தால் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு வெளியே இருந்தது என்பதே அங்கே பெரிய விஷயம்.

ஆவணப்படத்தின் பலம் தெரியும் இடம், மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி. இங்கு ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் 1976-ல் முதலைப் பண்ணையைத் தொடங்கினர். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதை ஒட்டிய தடைகளும் பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தியதால், பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர் பழங்குடியினர் பிழைப்பை இழந்தார்கள். அவர்களுக்காக 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என நான்கையும் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து நஞ்சு எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் பாம்புக்கடி மருந்து கிடைக்கிறது.

பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 46,000 பேர் இறக்கிறார்கள் என்ற ஆய்வு மதிப்பீடு 2011-ல் வெளியானது. அதே ஆண்டில் பி.பி.சி.யின் ‘நேச்சுரல் வேர்ல்டு’ வரிசையில், விட்டேகரை மையமாக வைத்து ‘ஒன் மில்லியன் ஸ்னேக் பைட்ஸ்’ வந்தது. பாம்பைப் பயங்கரமாகக் காட்டிக் கூட்டம் சேர்க்கும் படமல்ல அது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் வயலில் உழைப்பவர்கள் என்பதால் இந்தப் பிரச்சினை நெடுங்காலம் கவனம் பெறாமல் கிடந்தது. இத்தகைய பொருளை ஒரு பெரிய நிறுவனத்தின் நேரமும் பணமும் எடுத்துச் சொன்னதில்தான் பொதுச் சேவைத் தொலைக்காட்சியின் மதிப்பு இருக்கிறது.

ஆனாலும் இத்தகைய படங்களில் கதைசொல்லியாகப் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவரே நிற்கிறார். தடம் பார்த்துப் புற்றைத் தோண்டும் இருளரின் அறிவு, அந்தக் கதைசொல்லி வழியாகவே பார்வையாளரை அடைகிறது. அந்த அறிவுக்கு உரியவர்கள் பெயரோடு அறியப்பட நாளானது. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.