“எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடி” – இது பெருமையா, எச்சரிக்கையா?

கீழப்பாவூர்ல இருந்து குற்றாலம் ரொம்ப தூரம் இல்லை. சாரல் ஆரம்பிச்சா பசங்களோட கிளம்பிடுவோம். அருவிக் குளியல், பார்டர் புரோட்டா, சில கூட்டத்துல பாட்டிலும் இருக்கும். அங்க ஒருத்தன் கண்டிப்பா சொல்வான்: “மாப்ள, எனக்கு எவ்வளவு அடிச்சாலும் ஏறாது!” சுத்தி இருக்கிறவங்க கைதட்டுவாங்க. உண்மையில அங்க கவலைப்பட வேண்டிய ஆளே அவன்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட், 20 வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு மதுவை அளந்து கொடுத்து, யாருக்கு எவ்வளவு போதை ஏறுகிறது, யார் எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்று பதிவு செய்தார். பல ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப்போய்ப் பார்த்தார். முடிவு 1994-இல் வெளியானது. குடிநோயாளிகளின் மகன்களில், போதை குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகி இருந்தார்கள். சீக்கிரம் ஏறியவர்களில் அது 14 சதவீதம்தான்.

காரணம் சிம்பிள். “போதும்” என்கிற சிக்னல் அவன் மூளையில லேட்டா வருது. மத்தவங்க நிறுத்துற இடத்துல அவன் நிறுத்துறதில்ல. ஆனா கல்லீரலுக்குப் போற மது முழுசாப் போகுது. அடிக்கடி குடிச்சு வர்ற “ஸ்டெடி”யும் நல்லதில்ல. மூளை மதுவுக்குப் பழகிடுச்சுன்னு அர்த்தம்.

இதோட வயசும் சேருது. பெரியகுளத்துக்குத் தண்ணி வந்துருச்சு, ஆனா மடைக்கு ஷட்டர் இன்னும் மாட்டலைன்னா எப்படி இருக்கும்? நம்ம வயசு மூளை அப்படித்தான். ஆசையைத் தூண்டும் பகுதி முன்னாடியே வேகமெடுத்துடும். யோசிச்சு நிறுத்தும் முன்மூளைப் புறணி முழுசா முதிர ஏறக்குறைய 25 வயசு ஆகும். நண்பர்கள் பக்கத்துல இருந்தா இளைஞர்கள் இன்னும் அதிகமா ரிஸ்க் எடுக்கிறாங்கன்னு 2005-இல் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து நடந்த ஓர் ஆய்வும் காட்டியது.

“போதைதானே மூளையைக் கெடுக்குது?” என்று கேட்கலாம். கெடுக்கும்தான். ஆனா சில வித்தியாசங்கள் அதுக்கு முன்னாடியே இருக்கு. 2024 டிசம்பரில் அமெரிக்காவில் 9,804 சிறுவர்களின் ஸ்கேன்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 15 வயசுக்குள்ள மது, புகையிலை, கஞ்சா என்று எதையாவது தொட்டவர்களுக்கு, முன்மூளைப் புறணி சற்று மெலிந்து இருந்தது. அதுவும் பெரும்பாலும் தொடுவதற்கு முன்பே எடுத்த ஸ்கேனில்! ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது. ஸ்கேனைப் பார்த்து “இவன் அடிமையாவான்” என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால உங்களையே மூணு கேள்வி கேளுங்க. வீட்டுல யாருக்காவது குடிநோய் இருந்ததா? ரொம்பச் சின்ன வயசுலயே தொட்டாச்சா? “ஏறவே மாட்டேங்குது”ன்னு தோணுதா? ஒண்ணுக்கு “ஆமா”ன்னாலும் அது தலையெழுத்து இல்லை. ஆனா “ஒரு ரவுண்டுதான மாப்ள” என்கிற பேச்சு மத்தவங்களை விட உங்களுக்கு ஆபத்து.

ஏற்கனவே மாட்டிக்கிட்டதா தோணுதா? 14416, டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அடுத்த சாரலுக்கு நண்பன் “ஸ்டெடி”ன்னு பெருமையடிச்சா கைதட்டாதீங்க. தனியாக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்க.