சிறுவர் நூல்களால் விளையும் தோழமை

மாந்தர் ஒருவரோடொருவர் உறவு கொள்ளுதற்கு வாயில்கள் பல உள. ஒரு குடியிற் பிறத்தல், ஒரு தொழிலைச் செய்தல், ஓர் ஆலயத்தில் வழிபடுதல், ஒரு கல்லூரியிற் பயிலுதல் ஆகியன யாவரும் அறிந்தவை. இவற்றைப்போல வெளிப்படையாகத் தோன்றாத வாயில் ஒன்றும் உண்டு. அஃது இளமையில் ஒரே நூலை வாசித்து மகிழ்ந்திருத்தலாம். முன்பின் அறியாத இருவர் புகைவண்டியில் எதிரெதிரே அமர்ந்திருக்கையில், ஒருவர் தாம் சிறு பிராயத்திற் படித்த கதையொன்றைத் தொடங்க, மற்றவர் அதன் முடிவைச் சொல்லிவிடுவாராயின், அக்கணமே அவ்விருவரும் பழைய நண்பர் போலாகிவிடுதலை நாம் கண்டிருக்கிறோம். இங்ஙனம் சிறுவர் நூல்களை நேசிப்போர் ஒருவரையொருவர் கண்டறிந்து ஒரு கூட்டமாகும் வகையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு ஜெர்மனி தேசத்து மியூனிக் நகரில் நிகழ்ந்த வரலாறொன்று தக்க சான்றாகும்.

ஜெல்லா லெப்மன் என்னும் அம்மையார் 1891-ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பத்திரிகைத் தொழிலிற் பழகியவர். கணவரை இழந்தபின் தம் இரு மக்களையும் தாமே பேணி வளர்த்தவர். ஹிட்லரின் ஆட்சியில் யூதர்க்கு நேர்ந்த இன்னல் மிகவே, அவர் நாட்டைத் துறந்து இங்கிலாந்திற் குடியேறினார். யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க சேனையினர் அவரை, மாதர் சிறுவர் ஆகியோரின் நலத்திற்குரிய ஆலோசகராக ஜெர்மனிக்கு அழைத்தனர். தம்மைத் துரத்திய நாட்டிற்கு மீண்டு செல்ல அவர் மனம் தயங்கியது. குழந்தைகளின் பொருட்டே இறுதியில் இசைந்தார்.

அங்கே அவர் கண்டது இடிந்த நகரங்களும், அவற்றினிடையே திரிந்த பசித்த சிறுவருமே. 1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெர்லின் நகரில் நூல்களைக் குவித்து எரித்தபொழுது, சிறுவர்க்கினிய கதைகள் எழுதிய எரிக் கெஸ்ட்னரின் நூல்களும் அத்தீக்கு இரையாயின. அதன்பின் பன்னீராண்டு வளர்ந்த குழந்தைகள் அயல்நாட்டார் எழுதிய கதைகளை அறியாதவராய், அயலார் யாவரும் பகைவர் என்று கற்பிக்கப்பட்டவராய் இருந்தனர். உணவும் உடையும் இல்லாதபொழுது கதை நூல் எதற்கு என வினவியோர் பலர். அவ்வினாவைப் பிழையென்று நாம் தள்ளுதற்கில்லை. ஆயினும், உடலுக்குச் சோறு வேண்டுவதுபோல உள்ளத்திற்கும் உணவு வேண்டும் என்பதும், நஞ்சுண்ட உள்ளத்திற்கு அது மிகுதியும் வேண்டும் என்பதும் அம்மையாரின் துணிபு.

நூல் வாங்கப் பொருள் இல்லை. ஆகவே அவர் இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதி, தத்தம் நாட்டிற் சிறந்த சிறுவர் நூல்களை நன்கொடையாக அனுப்புமாறு வேண்டினார். அந்நாடுகளுட் பல ஜெர்மானியப் படையால் நேற்றுவரை துன்புற்றவை என்பதை நாம் மறத்தலாகாது. பெல்ஜியம் மறுத்துவிட்டது, இருமுறை தம்மேற் படையெடுத்தவரின் பிள்ளைகளுக்குத் தாம் நூல் வழங்குவதோ என்பது அந்நாட்டார் கருத்து. அம்மறுப்பில் நியாயம் இல்லையென்று யாரே சொல்ல வல்லார்? அம்மையார் சினவாது மீண்டும் எழுதினார். இப்பிள்ளைகளுக்குப் புதிய தொடக்கம் ஒன்று கிடையாதாயின், மூன்றாம் படையெடுப்புக்கும் இடமுண்டாகுமே என்பது அக்கடிதத்தின் சாரம். பெல்ஜியமும் மனமிரங்கி நல்ல நூல்களைத் தேர்ந்தனுப்பிற்று.

வந்த நூல்கள் 1946-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மியூனிக் நகரிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்காட்சி நிகழ்ந்த மாளிகை, ஹிட்லர் தமக்குகந்த சித்திரங்களையே போற்றுதற்கென 1937-ஆம் ஆண்டில் திறந்துவைத்தது. அதே கூடத்திற் பல நாட்டுக் குழந்தைகளின் கதைகள் பக்கம் பக்கமாக விரிந்தன. பின்னர்க் காட்சி வேறு நகரங்களுக்கும் சென்றது. சிறுவர் தாம் கண்ட நூலைக் கையிற்கொண்டு வீடு செல்ல விரும்பினர். கொடுத்தற்கோ பிரதிகள் இல்லை. எனவே அம்மையார், போர் புரிய விரும்பாது மலர்களை முகர்ந்திருந்த பெர்டினாண்டு என்னும் காளையின் கதையைத் தாமே ஜெர்மன் மொழியிற் பெயர்த்து, செய்தித்தாட் காகிதத்தில் 30,000 பிரதிகள் அச்சிடுவித்துப் பெர்லின் சிறுவர்க்கு வழங்கினார்.

இக்காட்சியே 1949-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் மியூனிக் நகரில் திறக்கப்பட்ட சர்வதேச இளைஞர் நூல்நிலையத்திற்கு வித்தாயிற்று. அங்கே சிறுவர் நூல்களை எடுத்துச் செல்வதோடு அமையவில்லை, படித்ததைப் பற்றித் தம் கருத்தைக் கூடிப் பேசினர், சித்திரம் எழுதினர், அயல்மொழி பயின்றனர். அந்நிலையம் 1983-ஆம் ஆண்டு முதல் புளூட்டன்புர்க் என்னும் பழைய கோட்டையில் இருந்துவருகின்றது.

சிறுவர் மட்டுமன்றி, அவர்க்காக எழுதுவோரும், படம் வரைவோரும், பதிப்போரும், ஆசிரியரும் தம்முட் கூடவேண்டும் என்று கருதி, அம்மையார் 1951-ஆம் ஆண்டில் மியூனிக்கில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதன் பயனாக 1953-ஆம் ஆண்டில் சூரிச் நகரில் இளையோர் நூல்களுக்கான சர்வதேசக் கழகம் நிறுவப்பட்டது. இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அதற்குக் கிளைகள் உள. நம் இந்தியாவும் அவற்றுள் ஒன்று. இக்கழகம் 1956-ஆம் ஆண்டு முதல் ஆண்டர்சன் பெயரால் பரிசளித்து வருகின்றது. நூல்கள் எரிக்கப்பட்ட அக்கெஸ்ட்னரே 1960-ஆம் ஆண்டில் அப்பரிசைப் பெற்றார். ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2-ஆம் நாள் 1967-ஆம் ஆண்டு முதல் சர்வதேசச் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. கழகத்தின் சஞ்சிகை வாயிலாக, ஒருவர் முகத்தை ஒருவர் காணாதோரும் தாம் படித்த சிறுவர் நூல்களைப் பற்றி எழுதி நண்பராகின்றனர்.

இத்தோழமைக்குக் காரணம் யாது? முதலாவது, சிறுவர் நூலைப் பற்றிப் பேசுவோர் தம் கல்விச் செருக்கை மறந்துவிடுகின்றனர். பேராசிரியரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அங்கே சமமாகின்றனர். இரண்டாவது, அந்நூலைத் தனியே வாசிப்பது அரிது. தாயோ, பாட்டியோ, ஆசிரியரோ உடனிருந்து வாசிக்கின்றனர். ஆதலால் அந்நூலின் நினைவு ஓர் அன்பரின் நினைவோடு பிணைந்துள்ளது. மூன்றாவது, சித்திரம் மொழியின் வேலியைத் தாண்டும். அகதிகள் வந்திறங்கும் இத்தாலிய நாட்டு லாம்பெடூசாத் தீவிற்கென, அக்கழகத்தார் 2012-ஆம் ஆண்டில் எழுத்தே இல்லாத படநூல்களைத் திரட்டத் தொடங்கியது இவ்வுண்மையை உணர்ந்தே ஆகும்.

சிறுவர் நூல்கள் யுத்தத்தை ஒழித்துவிட்டன என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் மிகையாம். லெப்மன் அம்மையார் 1970-ஆம் ஆண்டிற் காலஞ்சென்ற பின்னும் உலகிற் போர்கள் ஓயவில்லை. எனினும், பகைவரின் பிள்ளைக்கு ஒரு நாடு தன் சிறந்த கதையை அனுப்பிற்று என்பது மெய்யாக நிகழ்ந்தது. பகைவரையும் நேசிக்கவேண்டும் என்னும் வேதவாக்கியத்தை நம் சிற்றாலயத்திற் பலமுறை கேட்கிறோம். அதை ஒரு புத்தகக்கட்டாகக் கட்டி அஞ்சலில் அனுப்பலாம் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நம் மாணவ நண்பர்கள் இதற்கெனக் கடல் கடக்கவேண்டுவதில்லை. தம் உள்ளத்தை முதலிற் கவர்ந்த சிறுவர் நூலைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி விடுதியிற் படித்துக் காட்டுக. அந்நூலின் பிரதியொன்றை அண்மையிலுள்ள தொடக்கப்பள்ளிக்கு எடுத்துச் சென்று வாசித்துக் காட்டுக. பழைய மாணவரும் தாம் இருக்கும் ஊர்களினின்று எழுதுவாராக. அடுத்த அறையில் இருப்பவர் அந்நியர் அல்லர், அதே கதையைக் கேட்டுறங்கிய தோழரே என்பது அப்பொழுது விளங்கும்.